கடல் சேற்றில் எண்ணெய்: பந்திங் வாசகர்களின் கேள்வி பதில்

அண்ணே, மோரிப் பக்கம் வலை போடுகிறவன் நான். எண்ணெய் கொட்டினால் சேற்றிலிருக்கும் பாக்டீரியா எல்லாம் செத்துவிடுமா?

எல்லாம் சாகாது தம்பி. தாங்காதவை குறையும், எண்ணெயைத் தின்னத் தெரிந்தவை சில நாளில் பெருகும். அல்கானிவோராக்ஸ் என்ற ஒன்று சுத்தமான கடலில் தேடினாலும் அதிகம் அகப்படாது. 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு விபத்துக்குப் பிறகு ஃபுளோரிடா கரை மணலில் கூட்டமாகப் பெருகியிருந்தது. எண்ணிக்கை ஏறும், வகை குறையும்.

தோட்டக் கிராணி நான். அப்படியானால் அதுகளே தின்று தீர்க்கட்டுமே, சார்?

எண்ணெயில் கார்பன் தாராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லையென்றே சொல்லலாம். யூரியா காணாத செம்பனை எப்படிக் குலை தள்ளும் என்று உங்களுக்குத் தெரியாததா? 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் படிந்த அலாஸ்காக் கரையில் உரமே தெளித்தார்கள், பலன் இருந்தது. ஆனால் அது காற்று புகும் சரளைக் கரை.

நம் சதுப்புக் காட்டில் ஒரு மண்வெட்டிச் சேறு அள்ளிப் பாருங்கள். மேலே பழுப்பாக மெல்லிய படலம், கீழே கரிக்கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அடியில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட் உப்பை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாவும் எண்ணெயைச் சிதைக்கும், ஆனால் ஆமை வேகம். அமெரிக்காவின் மேற்கு ஃபால்மத்தில் 1969-இல் கொட்டிய எரியெண்ணெய், 30 வருடம் கழித்தும் சதுப்பு மண்ணுக்குள் கிடந்தது.

ஆள் விட்டுக் கிளறினால் காற்று போகுமே?

வேண்டவே வேண்டாம். மிதிக்க மிதிக்க எண்ணெய் ஆழத்துக்குப் போகும், வேரும் முறியும்.

பாக்டீரியா பொடி விற்கிறார்களே, தூவலாமா?

காசுக்குக் கேடு. தின்னும் இனம் கடலிலேயே இருக்கிறது.

செம்பனை ஆலைக் கழிவும் எண்ணெய்தானே?

அது வேறு சங்கதி. தாவரக் கொழுப்பைப் பல பாக்டீரியா சுலபமாகத் தின்னும். ஆபத்தும் அங்கேதான்: தின்னும் வேகத்தில் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கும். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளம் வெட்டியிருப்பது இதற்காகத்தான்.

வாடை போன பிறகு சேற்றிலிருக்கும் கெராங் சிப்பி பொறுக்கலாமா அண்ணே?

வாடையை நம்பாதீர்கள். வாடை தரும் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். எண்ணெயில் கார்பன் நேர்ச் சங்கிலியாகக் கோத்திருக்கும் பொருட்களை பாக்டீரியா சீக்கிரம் முடித்துவிடும். கார்பன் பல வளையமாகப் பின்னியிருக்கும் நச்சுப் பொருட்கள்தான் கடைசிவரை சேற்றில் தங்கும். மீனின் கல்லீரல் அவற்றை ஓரளவு சிதைத்துவிடும், கெராங்குக்கு அந்தத் திறன் குறைவு, உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சதையைச் சோதித்து மீன்வளத் துறை சரி என்று சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.