ஆஃப்செட் போடப் பையனை விடுங்க: பட்டறைக் கேள்வி பதில்

கோவையில ஒரு பம்ப் கம்பெனி பயிற்சிப் பிரிவுல 31 வருசம் இருந்தவன் நான். புது மிஷின் வந்தாச்சு, ஆளை எப்படித் தயார் பண்றதுன்னு வந்த கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி (கணபதி, ஜாப் ஒர்க் பட்டறை): அண்ணா, நாலு சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல் மிஷின்) ஓடுதுங்க. பையனைப் பழக்கி விட்டா ஆறே மாசத்துல, ரெண்டாயிரம் கூட வருதுன்னு அடுத்த பட்டறைக்குப் போயிடறான். சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கலாமுங்களா?

பதில்: அதைத் தொடாதீங்க தம்பி. அடைச்சு வெச்ச ஆள் எப்ப ஓடலாம்னுதான் பார்ப்பான்.

ஆறு மாசம் அவன் என்ன பண்ணினான்? பீஸை மாட்டறது, கதவைச் சாத்தறது, பச்சைப் பொத்தானை அமுக்கறது, கழட்டறது. வெளி விட்டம் 0.02 மி.மீ. கூடினா மிஷினைச் சரி பண்ணிக் கொடுக்கற செட்டரைத் தேடி ஓடோணும். டூல் தேயறதுக்கு ஈடா மிஷின்ல போடற திருத்த அளவுதான் வேர் (wear) ஆஃப்செட்; அதுல விட்டத்துக்கான எக்ஸ்-ல 0.02 கழிக்கறது ஒரு நிமிச வேலை. அதைத்தான் நீங்க தொடக்கூடாதுன்னு சொல்லியிருப்பீங்க. பயம் நியாயந்தானுங்க. ஒருக்கா நானே புள்ளியை விட்டு 2-ன்னு தட்டி, இன்செர்ட் (டூல் நுனியில மாட்டற வெட்டுத் துண்டு) தெறிச்சு, பீஸும் குப்பைக்குப் போச்சு. ஒரே தடவையில இவ்வளவுக்கு மேல போட முடியாதபடி கண்ட்ரோலர்லயே எல்லை வைக்கற வசதி நிறைய மாடல்ல இருக்குது. சர்வீஸ்காரர் வர்றப்போ கேட்டு வெச்சுக்கங்க. அப்பறம் பையனை விடுங்க.

முதல்ல மைக்ரோமீட்டர் சரியாப் பிடிக்கட்டும். அடுத்து ஆஃப்செட், அப்பறம் இன்செர்ட் மாத்தறது, கடைசியா புரோகிராமைப் படிச்சு சிங்கிள் பிளாக்ல, அதாவது ஒவ்வொரு வரியா நிறுத்தி, ஓட்டறது. வருசக் கணக்குப் பார்த்துக் கூட்டற சம்பளத்தை, படி ஏற ஏறக் கூட்டுங்க.

அதுக்காகச் சம்பளம் முக்கியமில்லைன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல ஹெர்ஸ்பெர்க்குன்னு ஒருத்தர் பொறியாளர்கள், கணக்காளர்கள்னு 200 பேர்கிட்டப் பேசி 1959-ல எழுதினது இன்னும் பொருந்துது: சம்பளம் குறைஞ்சா மனுசன் வெறுத்துப் போவான், ஆனா சம்பளம் மட்டும் வேலை மேல ஆசையைக் கொடுக்காது. ஊர் ரேட்டைக் கொடுத்துட்டுத்தான் மத்ததைப் பேசோணும்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி): கட்டிங் மாஸ்டருக்கு 54 வயசு. மார்க்கர் (துணியில எந்தத் துண்டை எங்க வெட்டறதுங்கற படம்) போட கம்ப்யூட்டர் வாங்கினதிலிருந்து முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாருங்க.

பதில்: பேச மாட்டார். 30 வருசமா அவர் சொன்ன அளவுலதான் துணி வெட்டுச்சு; இப்ப 22 வயசுப் புள்ளைகிட்டப் போய் நிக்கச் சொல்றீங்க. ஆனா இந்த லாட் துவைச்சா எவ்வளவு சுருங்கும், தையல் எந்தப் பக்கம் முறுக்கும்னு துணியைத் தொட்டுச் சொல்றது அவர்தானே? அந்தப் புள்ளையை அவர் பக்கத்துல உட்கார வெச்சு, சுருக்கத்துக்கு எவ்வளவு விடோணும்னு அவர் சொல்ல, அது திரையில போடட்டும். "மாஸ்டரண்ணா, இது சரியா?"ன்னு நாலு நாள் கேட்டுதுன்னா அஞ்சாம் நாள் மவுஸ் அவர் கைக்கு வந்துடும்.

கேள்வி: மாசாமாசம் சிறந்த தொழிலாளின்னு போட்டோ மாட்டலாமா?

பதில்: வேண்டாம். போட்டோ ஒருத்தருது, வருத்தம் முப்பது பேருக்கு. அந்தச் செவுத்துல யாருக்கு எந்த மிஷின் தெரியும்னு ஒரு பலகை மாட்டுங்க: பழகறார், தனியாச் செய்வார், சொல்லித் தருவார்னு மூணு குறி போதும்.

கேள்வி (சரவணம்பட்டி, சாஃப்ட்வேர் டீம் லீட்): புதுசா வந்தவங்க ஏஐ எழுதிக் கொடுக்கற புரோகிராம் கோடை (code) அப்படியே ஒட்டறாங்க சார். தடை போடறதா?

பதில்: எனக்கு உங்க தொழில் தெரியாது அம்மணி. பட்டறைக் கணக்குல சொல்றேன்: மிஷினுக்குப் புரோகிராம் எழுதற கேம் (CAM) சாஃப்ட்வேர் கொடுத்ததை, ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு சொல்லத் தெரிஞ்சவனைத்தான் ஓட்ட விட்டோம். தடை போட்டா ஒளிச்சு வெச்சுப் பண்ணுவாங்க. ஒட்டின கோடை உங்க முன்னால விளக்கச் சொல்லுங்க. திக்கற எடத்துல திட்டாதீங்க, அன்னைக்குப் பாடம் அதுதான்.

கேள்வி (ஈரோடு): அப்ரண்டிஸ் எடுத்தா செலவுக்கு ஏதாவது உதவி உண்டுங்களா?

பதில்: 2016-ல வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்துல உதவித்தொகையில கால் பங்கு, மாசம் 1,500 ரூபாய் வரைக்கும்னு வெச்சிருந்தாங்க. இப்ப நிலவரம் என்னன்னு பதிவு பண்றப்போ ஒரு தடவை பார்த்துக்கங்க. ஆனா அந்தக் காசுக்காக எடுத்து, ஒரு வருசம் டீ வாங்க அனுப்பற கம்பெனியா இருந்தா எடுக்காதீங்க.