ஒட்சிசன் ஏன் தண்ணீர்ப் போத்தல் வழியாக வருகிறது?

வன்னி வெக்கையில் வியர்வை ஊற்றும்போது நோயாளிக்குக் கொடுக்கும் ஒட்சிசனுக்கு ஏன் மேலும் ஈரம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிக்காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், சிலிண்டருக்குள் அடைத்த வாயு எலும்பாகக் காய்ந்தது. நுரையீரலோ 37 பாகையில் லீற்றருக்கு 44 மில்லிகிராம் நீராவி கேட்கிறது. 30 பாகையில் முழுதாக நனைந்த காற்றே ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான் தாங்கும். மிச்சத்தை மூக்கும் தொண்டையும் தங்கள் ஈரத்திலிருந்து கொடுக்கின்றன. சோளகக் காற்றில் கொடியில் போட்ட சாரம் காய்வதுபோலச் சளி காய்ந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

போத்தலைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு: ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர்ந்த நீர் குறைவாகவே ஆவியாகும், ஆகவே இந்தப் போத்தல் அரைகுறை உதவிதான். நிமிடத்துக்கு 4 லீற்றருக்குக் குறைந்த ஓட்டத்தில் பெரும்பாலும் அது தேவையே இல்லை. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவருக்கு மூக்கின் உதவி கிடையாது; அவருக்குச் சூடாக்கும் ஈரமூட்டி வேண்டும். போத்தலுக்குக் கிருமி நீக்கிய நீர் மட்டுமே, கிணற்று நீர் கூடவே கூடாது.

சிலிண்டரை வெயிலில் வைக்காதீர்கள். 15 பாகையில் 137 பார் அமுக்கம் 40 பாகையில் ஏறக்குறைய 149 ஆகும். மானி ஏறினாலும் உள்ளே ஒட்சிசன் கூடவில்லை. 10 லீற்றர் சிலிண்டரில் 137 பார் என்றால் சுமார் 1,370 லீற்றர் வாயு. நிமிடத்துக்கு 2 லீற்றர் விட்டால் 11 மணித்தியாலம் வரும்.