கேரல்ஸ் வரும் ராத்திரிக்குச் சுக்குக் காப்பி: கருப்பட்டி வாங்கியவரின் கேள்விகள்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது கோவையில் இருக்கிறோம். டிசம்பர் கடைசி வாரத்தில் சர்ச்சிலிருந்து கேரல்ஸ் பாடி வருகிறவர்களுக்கு வருஷாவருஷம் எங்கள் வீட்டில் சுக்குக் காப்பிதான். அம்மா இருந்தவரை ஊரிலிருந்து கருப்பட்டி வந்துவிடும். இந்தத் தடவை ஆன்லைனில் 'சுத்தமான பனங்கருப்பட்டி' என்று கிலோ 180 ரூபாய்க்கு வாங்கினேன். வாயில் போட்டால் சீனி மாதிரி நறநறவென்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். நாக்கில் வைக்கும் முன்பே அந்த விலை சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு ஒரு ஆள் மரமேறிப் பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, இறக்கி, விறகு எரித்து மணிக்கணக்கில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்க வேண்டும், இத்தனையும் போக கடைக்காரர் லாபம், கூரியர் செலவு எல்லாம் சேர்த்து 180 ரூபாய் என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. இடிக்கிற இடத்தில்தான் வெள்ளைச் சீனி உட்கார்ந்திருக்கிறது, பாகு காயும்போது மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் எடையும் கூடும், கட்டியும் சீக்கிரம் இறுகும்.

தண்ணீரில் போட்டுப் பார், நெருப்பில் காட்டிப் பார் என்று வீடியோக்களில் வருகிறதே, அதை அதிகம் நம்ப வேண்டாம். பதநீரில் இருக்கும் இனிப்பும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியும் சுக்ரோஸ்தான், வீட்டுத் தம்ளர் இரண்டையும் பிரித்துக் காட்டாது. கொஞ்சம் கைகொடுக்கிற அடையாளங்கள் என்றால், உடைத்த இடம் மங்கலாக, ஒரே சீராக இல்லாத பழுப்பாக இருக்க வேண்டும், சர்க்கரைப் படிகம் போல மினுங்கக் கூடாது. இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உப்புக் கரிப்பு வரும், உங்கள் அம்மா வாங்கிய கருப்பட்டியைச் சாப்பிட்டவர்தானே, அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. பதநீர் கோடையில்தான் இறங்கும். அதனால் டிசம்பரில் கைக்கு வருவது எப்படியும் சில மாதம் பழையது, மழைக்காலத்தில் கொஞ்சம் கசிந்து பிசுபிசுப்பது இயல்பு. "நேற்றுக் காய்ச்சியது" என்று மார்கழியில் யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அட்டையில் ஊர்ப்பெயரை அச்சடிக்க யாருக்கும் பெரிய செலவில்லை, தெரிந்தவர் மூலம் பனையேறிக் குடும்பத்திடமே வாங்க முடிந்தால் அதுதான் நல்லது.

பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஆன்லைன் விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், பாக்கெட்டின் எல்லாப் பக்கமும் எடுத்த படம், மிச்சக் கருப்பட்டி மூன்றையும் தூக்கிப்போடாமல் வையுங்கள்.

கேள்வி: பேசாமல் ரெடிமேட் சுக்குமல்லி காபிப் பொடி வாங்கிவிடலாமா? நாற்பது பேர் வருவார்கள்.

பதில்: வாங்குவதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதலில் 'சர்க்கரை' என்றிருந்தால் நீங்கள் சுக்கு விலையில் சீனி வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். முன்பக்கத்தில் இஞ்சிப் படமும் பனைமரப் படமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

முழுச் சுக்கு வாங்கி வீட்டில் தட்டுவதே என் கட்சி. பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை விடுங்கள், அது சுண்ணாம்பில் புரட்டியதாக இருக்கலாம். உடைத்தால் உள்ளே மணக்க வேண்டும், பூச்சித் துளை இருக்கக் கூடாது. நாற்பது பேருக்குத் தலைக்கு 150 மில்லி என்றால் ஆறு லிட்டர். சுக்கு 60 கிராம், மல்லி 100 கிராம், மிளகு ஒரு கைப்பிடிக்குக் குறைவாக, நாலைந்து ஏலக்காய், கருப்பட்டி 600 கிராம் போட்டு ஆரம்பியுங்கள், ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும். பால் ஊற்ற வேண்டாம், திரிந்துபோனால் நாற்பது பேருக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கருப்பட்டி என்பதால் சுகர் இருக்கிற மாமாவும் குடிக்கலாம் என்று அந்தக் கடை விளம்பரத்தில் போட்டிருக்கிறதே?

பதில்: கூடாது. இனிப்பு இனிப்புதான். மாமாவுக்கு இனிப்பு சேர்க்கும் முன்பே ஒரு தம்ளர் தனியாக எடுத்து வையுங்கள், காரமாக இருக்கும், திட்டிக்கொண்டே குடிப்பார். அந்த விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே சொன்ன புகாரோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பேப்பர் கப் நூறு வாங்கி வைத்திருக்கிறேன், போதும்தானே?

பதில்: உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, கடையில் கிடைக்கிறது என்பது வேறு கதை. கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிற காப்பிக்கு அது வேண்டவும் வேண்டாம். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தம்ளர் எடுங்கள். பண்டிகை வாரம் என்பதால் இப்போதே சொல்லி வையுங்கள், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள், முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் மூன்று தம்ளர் குறைந்து, அதற்கான காசைக் கட்டிவிட்டு வந்த பிறகு, மூன்றும் மல்லிகைப் பந்தலுக்கு அடியில் கிடந்தன.