ஏரியா பெயரை எடுத்துவிட்டுத் தேடுங்கள்

ஏரியா பெயரோடு கோவொர்க்கிங் இடம் (பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பொது அலுவலகம்) தேடினால் இரண்டே இடம்தான் வருகிறது, அதிலும் ஒன்று மூடிக்கிடக்கிறது என்கிறீர்கள். தேடல் பெட்டியில் ஏரியா பெயரைப் போடாதீர்கள். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வெறுமனே 'கோவொர்க்கிங்' என்று தேடுங்கள். வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் 'இந்தப் பகுதியில் தேடு' என்று ஒரு பொத்தான் வரும், அதையும் அழுத்துங்கள்.

நீங்கள் சொல்வது நகர மையத்தை ஒட்டிய பகுதி. அங்கெல்லாம் எல்லைகள் நெருக்கம். பத்து நிமிட நடையில் இருக்கும் இடம்கூடப் பக்கத்து ஏரியா முகவரியில் இருக்கும். அப்புறம், சின்ன இடங்கள் 'ஷேர்டு ஆபீஸ்', 'பிசினஸ் சென்டர்' என்றும் போட்டுக்கொள்வதுண்டு. அந்தப் பெயர்களிலும் தேடிப் பாருங்கள்.

வந்ததை நம்பி உடனே கிளம்பிவிட வேண்டாம். விமர்சனங்களில் புதியவற்றை முதலில் வரவைத்து, போனவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். வரவேற்பு மேசையும் பெயர்ப்பலகையும் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அது 'விர்ச்சுவல் ஆபீஸ்', அதாவது தபால் முகவரியை வாடகைக்கு விடும் இடமாக இருக்கலாம். அப்படியானால் உட்கார நாற்காலிகூட இல்லாமல் போகலாம்.

ஒன்று மட்டும்: பல இடங்களில் நாள் பாஸ் (ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டி உட்காரும் அனுமதி) வார நாட்களில், அலுவலக நேரத்துக்குத்தான். வீடியோ கால் பேசும் அறை அதில் சேருமா என்றும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.