பிறந்த நாடு, புகுந்த நாட்டுச் சீருடை: கேள்வி பதில்

கேள்வி: குடியேறிய நாட்டின் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அந்நாட்டு அணியில் ஆடிவிட முடியுமா?

பதில்: கடவுச்சீட்டு மட்டும் போதாது. குடியுரிமையை அரசு வழங்குகிறது. ஆடும் தகுதியை அந்தந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பு வரையறுக்கிறது. ஒலிம்பிக் சாசனப்படி, ஒரு நாட்டுக்காகப் போட்டியிட்டவர் குடியுரிமை மாறினால், பழைய நாட்டுக்காகக் கடைசியாகக் களமிறங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உரிய தரப்புகள் இசைந்தால் மட்டுமே இக்காலம் குறையும். ரக்பி தனது வசிப்பிட நிபந்தனையை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமோ ஏழு ஆண்டு நிபந்தனையை மூன்றாகத் தளர்த்துவதாக 2018இல் அறிவித்தது. பார்படோஸில் பிறந்த ஜோஃப்ரா ஆர்ச்சர் 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் சூப்பர் ஓவரை இங்கிலாந்துக்காக வீசியது அந்தத் தளர்வினால்தான்.

கேள்வி: பிறந்த மண்ணுக்கு எதிராகவே ஆடுவது துரோகம் இல்லையா?

பதில்: நான் அப்படிக் கருதவில்லை. கேமரூனின் யாவுண்டேயில் பிறந்து, சிறுவயதிலேயே புலம்பெயர்ந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரீல் எம்போலோ, 2022 கால்பந்து உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். சக வீரர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும், அவர் இரு கைகளையும் உயர்த்தி நின்றாரே தவிரக் கொண்டாடவில்லை. கோலைத் தவிர்க்கவில்லை என்பதையும் கொண்டாட்டத்தைத் தவிர்த்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: முன்னது கடமை, பின்னது மரியாதை. 2016 ஐரோப்பியக் கோப்பையில் கிரானிட் ஜாக்கா சுவிட்சர்லாந்துக்கும், அவருடைய அண்ணன் டாலன்ட் அல்பேனியாவுக்கும் ஆடினர். தாயார் இரு நாட்டுக் கொடிகளையும் பாதிப் பாதியாக இணைத்த சட்டையோடு அரங்கில் அமர்ந்திருந்தார். அவரிடம் போய் யார் துரோகி என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கேள்வி: தேசிய கீதத்தைப் பாடாத வீரரை நாட்டுப்பற்று உள்ளவர் என்று எப்படி நம்புவது?

பதில்: ஸ்பெயினின் தேசிய கீதத்துக்கு அதிகாரபூர்வமான பாடல் வரிகளே கிடையாது. 2010இல் உலகக் கோப்பையை வென்ற அந்நாட்டு வீரர்களின் பற்றை அதற்காக எவரும் சந்தேகிக்கவில்லை. இந்தச் சோதனை பெரும்பாலும் குடியேறியவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டுமே வைக்கப்படுகிறது என்பதே என் குறை. மெசுத் ஓசில் ஜெர்மனியிலேயே பிறந்தவர். 2014இல் அந்நாட்டுக்காக உலகக் கோப்பையை வென்றவர். துருக்கி அதிபருடன் எடுத்துக்கொண்ட புகைப்படம் சர்ச்சையாகி, 2018இல் அணியும் முதல் சுற்றிலேயே வெளியேறியபின், வென்றால் தன்னை ஜெர்மானியர் என்றும் தோற்றால் குடியேறி என்றும் பார்க்கிறார்கள் எனக் கூறி விலகினார். அந்தப் புகைப்படத்தை விமரிசிக்க இடமுண்டு. ஆனால் அதை வைத்து அவருடைய குடியுரிமையையே எடைபோட்டது முறையன்று.

கேள்வி: பணத்துக்காக நாடு மாறுபவர்களும் இருக்கிறார்களே?

பதில்: இருக்கிறார்கள். அதனால்தான் உலகத் தடகள அமைப்பு 2017இல் நாடு மாறும் விண்ணப்பங்களை அடியோடு நிறுத்திவைத்து, மறு ஆண்டு மூன்றாண்டுக் காத்திருப்பு உள்ளிட்ட கடுமையான விதிகளுடன் திறந்துவிட்டது. ஆள்பிடிப்பையும் குடிபெயர்வையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

கேள்வி: எந்த நாட்டின் குடியுரிமையும் கைகூடாத அகதிகள் என்ன செய்வார்கள்?

பதில்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் பத்து வீரர்களுடன் அகதிகள் அணி தொடங்கப்பட்டது. அந்த அணியின் முதல் பதக்கத்தை 2024இல் பாரிஸில் குத்துச்சண்டை வீராங்கனை சிண்டி என்கம்பா வென்றார். கேமரூனில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த அவர், பிரிட்டிஷ் அணியினரோடு சேர்ந்தே பயிற்சி பெற்றவர். எனினும் கடவுச்சீட்டு இல்லாததால் பிரிட்டனுக்காகப் போட்டியிட முடியவில்லை.