கடையை மூடலாமா?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் 12 ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். வீட்டு வாடிக்கையாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு கணக்காயரும் இரண்டு மருத்துவர்களும் தங்கள் அலுவலகக் கணினிகளை என்னிடமே கொடுக்கிறார்கள். கடையை மூடிவிட்டு நிறுவனங்களுக்கு மட்டும் வேலை செய்யலாமா?
— டர்பன் வாசகர்

பதில்: நிறுவனங்களின் பக்கம் திரும்புங்கள், ஆனால் மாதக் கட்டணமாக வரும் பணம் கடை வாடகையையும் உங்கள் வீட்டுச் செலவையும் தாங்கும் வரையில் கடையை மூடாதீர்கள். வழிப்போக்கராக வந்து சார்ஜர் வாங்குபவர்தான் அதுவரை உங்களுக்குச் சோறு போடுபவர்.

வீட்டுக்காரர் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வதற்குப் பணம் தருகிறார். அலுவலகக்காரரோ தம் வேலை நிற்காமல் இருப்பதற்குப் பணம் தருகிறார். உங்கள் கணக்காயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரிக்கான இ.எம்.பி. 201 படிவத்தை அவர் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த வாரத்தில் அவருடைய கணினி அரை நாள் நின்றால் ஏற்படும் இழப்பு, நீங்கள் வாங்கும் பழுதுக்கூலியைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே அவருடைய நாட்காட்டியை முதலில் கற்றுக்கொண்டு, இயந்திரம் மாற்றுவது, மென்பொருள் புதுப்பிப்பது போன்றவற்றை மாதத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பேசுங்கள். அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் கவனிப்பீர்கள், எந்தெந்த வேலைகளுக்குத் தனிக் கட்டணம் என்பவற்றை எழுத்தில் கொடுங்கள். வாயால் பேசிய ஒப்பந்தம் நட்பு இருக்கும்வரைதான் நிற்கும்.

பேச்சைத் தொடங்க உங்களுக்கு நல்ல காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. மூன்று அலுவலகங்களுக்கும் சென்று எவை தேறும், எவை தேறாது என்று ஒரு பட்டியல் எடுத்துக் கொடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது மருத்துவர்களின் கணினிகள்தாம். போப்பியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. நோயாளிகளின் விவரங்களை மருத்துவர் சார்பில் கையாளும்போது அச்சட்டத்தின் பார்வையில் நீங்களும் ஒரு 'ஆபரேட்டர்'. அதற்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், தகவல் கசிந்ததாக நம்ப நியாயமான காரணம் தெரிந்த உடனேயே மருத்துவருக்கு நீங்கள் சொல்லவும் வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. யாரும் திரும்பிக் கேட்காத பழைய ஹார்ட் டிஸ்குகள் உங்கள் அலமாரியில் எத்தனை கிடக்கின்றன என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். எந்தக் கடையில் எண்ணினாலும் பத்துக்குக் குறையாது என்பது என் ஊகம்.

அடுத்தது காப்பு நகல். கணினியிலேயே எந்நேரமும் செருகியிருக்கும் வெளி டிஸ்க்கைக் காப்பு என்று நம்பாதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில கோப்புகளை அதிலிருந்து மீட்டெடுத்து, வாடிக்கையாளரின் கண்ணெதிரே திறந்து காட்டுங்கள். மாதக் கட்டணம் எதற்கு என்ற கேள்வி அதற்குப் பிறகு எழாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: தைப்பூசத்தன்று நீங்கள் காவடி எடுத்துக்கொண்டு கோயிலில் இருக்கும்போது மருத்துவமனை வரவேற்பறையின் கணினி நின்றுபோனால் தொலைபேசியை யார் எடுப்பார்? அந்த நாள் நம் நாட்டில் பொது விடுமுறை அல்ல. ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ உங்களைப் போலத் தனியாகக் கடை நடத்தும் நம்பிக்கையான ஒருவரோடு, அவர் இல்லாதபோது நீங்களும் நீங்கள் இல்லாதபோது அவரும் பார்த்துக்கொள்வதென்று பேசி வையுங்கள். அவர் பெயரையும் மருத்துவர்களுடனான ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இந்த ஏற்பாடு முடிந்த பிறகு நான்காவது அலுவலகத்தைத் தேடலாம்.