காருக்கு வீட்டிலேயே கிளே பார் போடலாமா? பெயிண்ட் போய்விடுமா?

தாராளமாகப் போடலாம், பெயிண்ட் போகாது. (கிளே பார் என்றால் காரின் பெயிண்ட் மேல் தேய்த்து, ஒட்டிய அழுக்கை எடுக்கும் பிசின் கட்டி.) ஆனால் உங்கள் கேள்வியில் "வெள்ளை கார், வாங்கி இரண்டு வருஷம், பளபளப்பு போய்விட்டது, டீட்டெய்லிங் கடையில் கிளே போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில்தான் எனக்குச் சந்தேகம். பளபளப்பு தருவது பாலிஷும் வேக்ஸும். பெயிண்ட் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கி எடுப்பதோடு கிளேயின் வேலை முடிந்தது. ஒட்டிக்கொண்டு எதுவுமே இல்லாத காரில் போட்டால் வேலையும் வீண், மெல்லிய கீறல் வேறு விழும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் காரை ஒரு முறை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றுக்குள் கையை விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். (அந்தக் கவரை 2019-லேயே தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று, ஆனாலும் எந்த வீட்டில் ஒன்றிரண்டு இல்லை?) வெறும் விரலுக்குப் பிடிபடாத சொரசொரப்பு அந்தக் கவர் வழியாகத் தெளிவாகத் தெரியும். கை வழுக்கிக்கொண்டு போனால் கிளே வேண்டாம். மணல் ஒட்டியதுபோல் நெருடினால் வேண்டும். பானட், கூரை, டிக்கி மூடி, கதவின் கீழ்ப்பாதி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

நெருடுவதில் பாதி இரும்புத்துகள். பிரேக் டிஸ்க் தேய்ந்து பறப்பது, ரயில் பாதையில் சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறப்பது எல்லாம் சூடாக வந்து பெயிண்டில் குத்திக்கொள்ளும், அப்புறம் மழையில் நனைந்து துருப்பிடிக்கும். உங்களுடையது வெள்ளை கார் என்பதால் வெயிலில் நிறுத்திக் கிட்டே போய்ப் பாருங்கள், குண்டூசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியலாம். பாடியே துருப்பிடிக்கிறது என்று பயந்து டிங்கரிங் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே தகடு நன்றாகத்தான் இருக்கும், துருப்பிடித்தது மேலே உட்கார்ந்திருக்கும் துகள். பெரம்பூர் மாதிரி ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது வாடிக்கை. எண்ணூர் பக்கம் என்றால் அனல் மின்நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். இவை போக நெடுஞ்சாலைத் தார், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் ஒட்டும் பிசுபிசுப்பு, பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது பறந்து வந்த தூறல்.

கிளே என்று பெயர் இருந்தாலும் இது குயவர் மண் இல்லை. நெகிழும் செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூளைக் கலந்து செய்த கட்டி, ஜப்பானில் பிறந்த சரக்கு. ஈரமான பெயிண்டின் மேல் தள்ளும்போது சமமான இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், மேலே துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் கவ்வி எடுத்துத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். பெயிண்ட் போகாது என்று நான் சொல்வது இதனால்தான். கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 வரை. பாலிஷ் மெஷின் அதில் கொஞ்சம் சீவும். சரியாகப் போட்ட கிளே சீவுவது கணக்கில் வராது. சரியாகப் போடுவது என்றால் வழுக்கல் தண்ணீர் குறையாமல் போடுவது. அந்த ஈரம் இல்லாவிட்டால் கவ்விய இரும்புத்தூளோடு சேர்த்துத் தேய்க்கிறீர்கள், உப்புத்தாள் போட்ட கதைதான்.

வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், பானட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். கழுவியதும் இரும்புத்துகளைக் கரைக்கும் ஐயர்ன் ரிமூவர் அடித்துச் சில நிமிஷம் விட்டால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் குடலைப் புரட்டும், வாசலில் வைத்துச் செய்யுங்கள். காய விடாமல் கழுவிவிட வேண்டும். தார் இருந்தால் அதற்கான ரிமூவர். இந்த இரண்டும் முடிந்தால் கிளேக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும், கீறல் விழும் வாய்ப்பும் அதே அளவு குறையும். நேரே கிளேயில் இறங்குபவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

கட்டியில் 'ஃபைன்' என்று போட்டிருப்பதையே வாங்குங்கள், கடினமான ரகம் வீட்டு வேலைக்கு வேண்டாம். முழுக் கட்டியையும் எடுக்காமல் கால்வாசி கிள்ளிப் பிசைந்து உள்ளங்கை அளவுக்குத் தட்டிக்கொள்ளுங்கள். வழுக்கலுக்கு அதோடு வரும் ஸ்ப்ரே போதும், தீர்ந்தால் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர். கட்டி கொழகொழத்துக் காரில் இழுவினால் அந்த ஷாம்பூ ஒத்துவரவில்லை, மாற்றுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தை நனைத்து, அழுத்தாமல், நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முதலில் கரகரவென்று சத்தம் வரும், கையிலும் இழுப்பு தெரியும். நாலைந்து முறை போனதும் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கும், மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை மேலே கொண்டுவாருங்கள். கீழே விழுந்த துண்டை மட்டும் கழுவியெல்லாம் பயன்படுத்தாதீர்கள், அப்படியே குப்பைக்கு.

கிளேயால் போகாதவை: ஸ்க்ராட்ச், சுழல் கோடுகள், பறவை எச்சம் அரித்த தடம். போர் தண்ணீரில் கழுவிக் காய்ந்த வெள்ளைத் திட்டும் பெரும்பாலும் போகாது. அதற்குத் தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து துடைத்து உடனே கழுவிப் பாருங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சிக்கனமென்று பிடித்துவைத்துக் கார் கழுவுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு இன்னும் அதிகம், திட்டை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

வேலை முடிந்ததும் பழைய வேக்ஸும் போயிருக்கும், பெயிண்ட் வெறுமையாக நிற்கும். அன்றைக்கே வேக்ஸோ, அதேபோல் பெயிண்டைக் காக்கும் செயற்கைப் பூச்சான சீலன்ட்டோ போட்டுவிடுங்கள். வெள்ளைக்கு அது போதும். கறுப்பு காராக இருந்தால் கிளேயின் மெல்லிய தடம் வெயிலில் தெரியும், நடுவில் ஒரு கை பாலிஷ் தேவைப்படும். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டில் கிளே வேண்டவே வேண்டாம். புதிதாகப் பெயிண்ட் அடித்த பம்பர், கதவு என்றால் ஒரு மாதமாவது பொறுங்கள். செராமிக் கோட்டிங் போட்ட வண்டி என்றால் போட்டவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேட்டிருந்தீர்கள். கவர் சோதனையில் நெருடும்போது மட்டும். தெருவோரம் நிற்கும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒன்று இரண்டு முறை வரலாம், மூடிய ஷெட் என்றால் அதுவும் வராது.

கறுத்துப்போன கட்டியை முன் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளலாம். வைப்பர் போகும் வழியில் ஒட்டிய அழுக்கு போய், கிரீச் சத்தம் நின்றாலும் நிற்கும். திரும்ப பானட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.